பல்செட்காரரும் டீசல் காரும்

மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பொருத்திக் காதருகே கொண்டுபோய் மூன்று முறை தட்டுகிறார். டக், டக், டக். கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறார். பிறகு கீழ்த்தாடையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அரத்தை எடுத்து ஒரு பல்லின் முனையை இரண்டே இழுப்பு இழுக்கிறார். மறுபடியும் டக். "ம், இப்ப பேசுது" என்கிறார்.

தாடைகள் பிளாஸ்டரால் ஆனவை, பயப்பட வேண்டாம். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் பல்செட்காரர் இவர். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் பசையை வைத்து அளவெடுத்துத் தருவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, வாயின் நகலை எடுத்து, அதன் மேல் பல் கட்டிக் கொடுப்பார். முப்பத்தோரு வருஷமாக இதே வேலை. செய்த வாய் எதையும் அவர் தூக்கிப்போட்டதில்லை. சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி தாடை, ஒரு துண்டுச்சீட்டு. நான் இரண்டு பல் கட்டிக்கொண்டவள் என்பதால் என் வாயும் அங்கேதான் இருக்கிறது, கதவுக்கு நேரே மூன்றாவது தட்டில். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காரப் பழகிவிட்டேன்.

மேல்தட்டு தனி. காலமானவர்களுடையது. ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"யாராவது கேட்டு வந்தா குடுக்கணும்ல, டீச்சர்?"

யார் கேட்டு வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. பதில் எதுவாக இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது.

ஆள் குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் பிரயத்தனப்பட வேண்டும். மனிதர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்பதே இல்லை. கடைவீதியில் எதிர்ப்படுகிறவர் சிரித்துவிட்டால் மட்டும், "ஓ, நீங்களா!" என்பார். வீட்டில் யார் எந்த பிஸ்கட்டைப் பாதி தின்றுவிட்டு வைத்தார்கள் என்பதைக் கடித்த இடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் மனைவிக்கு இதனால் வாழ்க்கையே வெறுத்துப்போயிருக்கிறது. "திருட்டுத்தனமா ஒரு கேக் திங்க முடியாது இந்த வீட்ல" என்று என்னிடம் புலம்பியிருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதர் சென்ற ஆண்டு முழுக்க ஒரு கார் வாங்கலாமா வேண்டாமா என்று குழம்பினார். அந்தக் குழப்பத்துக்கு நான் பக்கவாத்தியம்.

அளவெடுத்த பசை காற்றில் கிடந்தால் சுருங்கும். சுருங்கினால் பல் பொருந்தாது. அதனால் ஐந்து ஊர் மருத்துவர்களிடமும் அவரே நேரில் போய், ஈரத்துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, உடனே திரும்பியாக வேண்டும். தினம் நூற்றறுபது கிலோமீட்டர். இதற்காக வைத்திருந்த பழைய டீசல் வேனுக்குக் கிழவி என்று பெயர். கிழவி மேடேறினால் பின்னால் வருகிறவர்கள் விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அவ்வளவு புகை.

நகரத்தில் புகைச் சட்டம் வந்தது. வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்குள்ளே பழைய டீசல் வண்டி வரக்கூடாது என்றார்கள். முதலில் ஜனவரி என்றார்கள், பிறகு ஜூன். ஜூனில் யாரோ வழக்குப் போட, தேதி தள்ளிப்போனது. அடுத்து, குறிப்பிட்ட வருஷத்துக்குப் பின் வந்த வண்டி என்றால் பரவாயில்லை என்றார்கள். அதற்கும் அடுத்து, அதிலும் புகை வடிகட்டி நல்ல நிலையில் இருக்க வேண்டும், ரசீது காட்ட வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் கோடு மட்டும் கொஞ்சம் வெளியே நகர்ந்திருந்தது.

கோடு கண்ணுக்குத் தெரியாது, கம்பங்கள் தெரியும். தெருமுனைகளில் சாம்பல் நிறக் கம்பம் நடுவார்கள். உச்சியில் கேமரா. சட்டம் அமலுக்கு வரும்வரை அதன் தலையில் ஒரு கறுப்புப் பையை மாட்டிக் கழுத்தில் கயிறு கட்டிவிடுவார்கள். காற்றடித்தால் பை உப்பும், பிறகு ஒடுங்கும். நடுகிறவர்களை யாரும் பார்த்ததில்லை. காலையில் எழுந்தால் ஒரு தெரு தள்ளி இன்னொன்று நிற்கும். மாதா கோயிலுக்குப் பக்கத்தில், பிறகு பள்ளிக்கூடத்துக்கு எதிரில், பிறகு ரொட்டிக்கடையில். பை எடுத்த தெருக்களில் ஒரு மாதிரி அமைதி வந்துவிட்டது. வருஷக்கணக்காக வாசலில் நின்ற வண்டிகள் காணாமல்போய், அவை நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் செவ்வகமாகக் கிடந்தது. ஒருநாள் எங்கள் முனையிலும் ஒரு கம்பம் நின்றது. அன்று நான் தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடந்தேன், இத்தனைக்கும் என்னிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

அவருடைய வேலையில் பாதியைத் தருகிற பெரிய க்ளினிக் கோட்டுக்குள் வரப்போகிறது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கிழவி அங்கே போக முடியாது. வேறொரு பல்செட்காரர் புத்தம்புது வண்டியோடு தயாராக இருந்தார். பெட்ரோல் கார் வாங்கினால் தினப்படி ஓட்டத்துக்குக் கட்டாது. பேட்டரி கார் விலையைக் கேட்டதுமே எழுந்து வந்துவிட்டார். மிச்சமிருந்தது, சட்டம் இன்றைக்கு அனுமதிக்கிற வருஷத்து டீசல் கார், பழையது. அதையும் நாளைக்கு வேண்டாம் என்றுவிட்டால்?

"அந்தக் கோடு நம்ம வாசப்படிக்கு வந்துட்டா வண்டியை என்ன, மடியில வெச்சுக்குவீங்களா?" என்றார் மனைவி.

வண்டி விற்கிற இடம் ஊர் எல்லையில், மூடிப்போன துணி ஆலையின் முற்றத்தில் இருந்தது. நகரம் விரட்டியதெல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தது. இருநூறு டீசல் கார்கள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. முன்கண்ணாடியில் வெள்ளைப் பெயிண்டால் விலை. அதை அழித்து இன்னொரு விலை. அதையும் அழித்து இன்னொன்று. அவ்வளவு வண்டிகளுக்கு நடுவே எங்கள் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் என்னையறியாமல் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.

விற்பனைக்காரர் புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டே வந்து ஒரு கருநீலக் காரைக் காட்டினார். "ஒரே ஓனர் வண்டி சார். ஒரு டீச்சரம்மா வெச்சிருந்தாங்க. ஸ்கூலு, வீடு, அவ்வளவுதான். தொண்ணூறாயிரம்தான் ஓடியிருக்கு."

நான் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள். இத்தனை பெரிய காரில் பள்ளிக்கு வந்த டீச்சரை நான் கண்டதில்லை.

பல்செட்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இஞ்சின் உறுமியது. அதோடு, யாரும் எதையும் தொடாமலே, அவருடைய ஸீட் 'ம்ம்ம்' என்று ஒரு முனகலோடு பின்னால் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே தாழ்ந்தது. முதுகு சாய்ந்தது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மெல்லத் தலையை உயர்த்தின. எல்லாம் நின்றபோது அவர் கால் பெடலை விட்டு ஒரு முழம் விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நெட்டையான ஆள் வசதியாக உட்காருவதற்குக் கார் தன்னைத் தயார்செய்துகொண்டுவிட்டது.

"டீச்சரம்மா நல்ல உயரமோ?" என்றார் பல்செட்காரர்.

"அது மெமரி சார். முன்னாடி செட் பண்ணினது. எப்படி அழிக்கிறதுன்னுதான் தெரியல" என்றார் விற்பனைக்காரர், மிட்டாயை அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு மாற்றியபடி.

பல்செட்காரர் இறங்கி இஞ்சின் மூடியைத் திறந்தார். பையிலிருந்து ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதன் நுனியை இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைப் பற்களால் கவ்விக்கொண்டு, இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். எலும்பு வழியாகக் கேட்கிறாராம். ஐந்து நிமிஷம் அப்படியே குனிந்திருந்தார். அவர் தாடை இஞ்சினோடு சேர்ந்து அதிர்ந்தது. பார்க்க எனக்கு நன்றாக இல்லை.

"சொத்தை இல்ல டீச்சர்" என்றார் நிமிர்ந்து. "ஆனா ரொம்ப மென்ன வாய் இது. தொண்ணூறாயிரம்கிறது நம்பற மாதிரி இல்ல."

ஒரு மாதத்தில் நான்கு முறை போனோம். ஒவ்வொரு முறையும் அவர் ஸீட்டை முன்னால் இழுத்து வைத்துவிட்டு வருவார். அடுத்த முறை சாவியைத் திருப்பியதும் அது பின்னால் போய்விடும். வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை, சரி என்று சொல்லவும் தைரியமில்லை. நான்காம் முறை, ஒன்றாம் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஸீட்டின் அடியில் கைவிட்டு எதையோ தேடினார். கையோடு ஒரு பென்சில் வந்தது. மஞ்சள் நிறம். பாதிக்குமேல் கடித்துக் குதறியிருந்தது.

அதை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். முகம் மாறியது. விற்பனைக்காரருக்குத் தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அவர் மனைவி மாடிக்கு வந்தார். "கொஞ்சம் கீழ வாங்களேன். ஒரு மாதிரி உக்காந்திருக்காரு."

மேசையில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. மேல்தட்டுப் பெட்டி என்பது தூசியைப் பார்த்ததும் தெரிந்தது. அவர் அந்தத் தாடைகளுக்கு நடுவே பென்சிலை வைத்து, மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பொருத்தினார். ஓரிடத்தில் 'சிக்' என்று உட்கார்ந்தது. கையை எடுத்துவிட்டார். பிளாஸ்டர் வாய் பென்சிலைக் கவ்வியபடி மேசைமேல் நின்றது, விழவில்லை. நான் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"முகம் மறந்துடும் டீச்சர். கடி மறக்காது. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

அந்த வாய்க்குச் சொந்தக்காரர் ஒரு மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராக ஓடியவர். ஆறு வருஷத்துக்கு முன் வலது பக்கம் மூன்று பல் கட்டிக்கொண்டார். அதற்கு முந்தின வருஷம் காரிலேயே போய்விட்டார் என்று க்ளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற நிதானமான மனிதராம். பச்சை விழுந்தது, கார் நகரவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பின்னால் இருந்தவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாராம். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்தக் காருன்னு எனக்குத் தெரியாது. இதுதான்னு இப்பத்தானே தெரியுது."

பிறகு சொன்னதைத்தான் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பல் கட்டி முடித்ததும் நீலத்தாளைக் கடிக்கவைத்துப் பார்ப்பார்கள். எங்கே உயரமோ அங்கே நீலம் அழுத்தமாக விழும். அந்த மனிதருடைய தாடையில் ஒரு பல்லில் அப்படி விழுந்தது. பிளாஸ்டரில் காற்றுக்குமிழி இருந்தால் இப்படிக் காட்டும், வாயில் சரியாகிவிடும் என்று இவர் விட்டுவிட்டார். அது குமிழி இல்லை. அரை மில்லி உயரம். "ஏதோ இடிக்குதுங்க" என்று அந்த மனிதர் இரண்டு முறை க்ளினிக்கில் வந்து சொன்னாராம். பழகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்.

"பழகலை டீச்சர். இந்த ஒரு பல்லு மட்டும் பென்சில்ல எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு பாருங்க. வண்டி ஓட்டுற நேரமெல்லாம் கடிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. என் வேலை இது."

மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். செத்தவர் ஓட்டின வண்டி வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "அவங்க வாயையே வீட்ல வெச்சிருக்கோம். வண்டியில என்ன வந்துச்சு?" என்றார் அவர். "போய் அந்த வீட்ல கேளுங்க. எவ்வளவு ஓடிச்சு, என்ன மாத்தினாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

துண்டுச்சீட்டில் முகவரி இருந்தது. பெரிய க்ளினிக் இருக்கிற அதே தெரு. மெயின் ரோட்டிலிருந்து க்ளினிக் வரை லேசான சரிவு. நடுவில் அந்த வீடு. இரட்டைக் கதவு போட்ட இரும்புகேட். இறந்தவரின் மனைவி அறுபதை நெருங்கியவர், அவசரமில்லாமல் பேசினார். ஒரு ஃபைலை எடுத்து வந்து எங்கள் முன் வைத்தார். காருடைய ரசீது ஒன்றுவிடாமல் இருந்தது. மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர். புகை வடிகட்டி அவர் சாவதற்கு எட்டு மாதம் முன்பு புதிதாகப் போட்டது. சட்டம் இப்போது கேட்கிற அதே ரசீது. பல்செட்காரர் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணும். அந்தப் பல்லுதான் ஒத்துக்கவே இல்ல. சாப்பிடும்போது கழட்டி வெச்சிடுவாரு" என்றார் அந்த அம்மாள்.

பல்செட்காரர் தாளைக் கீழே வைத்தார். "அது நான் செஞ்சதும்மா. அரை மில்லி தப்பு."

அந்த அம்மாள் இவரைப் பார்த்தார். "பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம் ஃபைலை எங்கள் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கிட்டுப் போங்க. வண்டியை வாங்கினா ஒரே ஒரு தடவை இங்க கொண்டுவாங்க. சத்தத்தைக் கேக்கணும். வித்துட்ட அப்புறம் தெரு ரொம்ப அமைதியா ஆயிடுச்சு."

மறுநாள் முற்றத்தில் பல்செட்காரர் ஒரே ஒரு எண்ணைத்தான் சொன்னார். மூன்று லட்சத்து எண்பதாயிரம் என்றதும் விற்பனைக்காரர் மிட்டாயைச் சப்புவதை நிறுத்திவிட்டார். டீச்சரம்மாவைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை. முன்கண்ணாடியில் விலை இன்னொரு முறை அழிந்தது. ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தபோது கார் எங்கள் வாசலுக்கு வந்தது.

ஞாயிறு போகலாம் என்று சொல்லியிருந்தோம். ஆனால் வெள்ளிக்கிழமை க்ளினிக் வேலையாக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. நானும் கூடப் போனேன். காலை பதினோரு மணி. தெருவில் ஈ காக்கை இல்லை. அந்த வீட்டை நெருங்க இன்னும் இரண்டு வீடு இருக்கும்போதே கேட்டின் ஒரு கதவு திறந்தது. பிறகு மற்றது. அந்த அம்மாள் கையில் சோப்பு நுரையோடு வெளியே வந்து, கார் நுழைய இடம் விட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடிக்கும் கேட் தூணுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நுரைக் கையை உயர்த்தி, "வரட்டும், வரட்டும்... இன்னும் கொஞ்சம் ஒடிங்க..." என்றார்.

பல்செட்காரர் பிரேக்கை மிதித்தார். கார் கேட்டின் எதிரில் உறுமிக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் நிமிர்ந்து உள்ளே பார்த்தார். ஸ்டியரிங்குக்கு மேல் அரைகுறையாகத் தெரிந்த குள்ளத் தலையைப் பார்த்தார். உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு ஒரு கதவைச் சாத்தினார், மற்றதையும் சாத்தினார், கொக்கியை மாட்டும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்செட்காரர் காரை மெல்ல க்ளினிக் பக்கம் நகர்த்தினார்.

அந்த அம்மாள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நடக்கவில்லை. எங்கள் முனைக் கம்பத்தின் பையை ஏணி வைத்து ஒருநாள் அவிழ்த்தார்கள். நீலக் கார் அதன் கீழே தினம் போகிறது, அபராதக் கடிதம் எதுவும் வரவில்லை. மூன்றாம் வாரமே தேதியும் விதியும் மறுபடி மாறின. "மாறட்டும், ரெண்டு வருஷம் ஓடினா போதும்" என்கிறார். பெரிய க்ளினிக் இவரிடமே இருக்கிறது. ஸீட் இன்னும் பின்னால்தான் போகிறது. அதைப் போகவிட்டு, நின்றபின், தானே முன்னால் இழுத்துக்கொள்கிறார். அழிக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை நான் கண்டுபிடித்துச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தினம் மூன்றரை மணிக்கு க்ளினிக்குக்காக அந்த அம்மாளின் தெருவுக்குள் போகிறார். சென்ற வாரம் நானும் இருந்தேன். முனையில் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைப் பாதியில் நிறுத்தி, கியரை விடுவித்து, கீழே இறங்கினார். "நீங்க உக்காருங்க டீச்சர்" என்று கிசுகிசுத்தார். திறந்த கதவின் தூணில் ஒரு தோளைக் கொடுத்து, கல்லாகக் கனக்கிற ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சரிவில் தானாக உருளப்பார்க்கிற அவ்வளவு பெரிய காரைக் காலை ஊன்றி ஊன்றித் தடுத்துக்கொண்டு, மூடிய கேட்டின் முன்னால் சத்தமில்லாமல் நடத்திக்கொண்டு போனார்.